எங்கள் நோயாளி எவரும் விழுந்ததில்லை

பாத்ரூமில் நான் வழுக்கிய மறுநாள், சாப்பாட்டு மேசை மேல் வீட்டு நோயாளிகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு கம்பெனியின் வழவழப்பான விளம்பரக் காகிதம் கிடந்தது. தினேஷ் வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தான். முகப்பில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தாவும் பாட்டியும் தட்டு நிறையப் பச்சை இலையை வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர்கள் அதே இலையைத்தான் தின்றுகொண்டிருக்கிறார்கள். உள்ளே பிரித்தால் தடித்த எழுத்தில் அந்த வரியும் அப்படியே இருக்கிறது: “எங்கள் நோயாளி எவரும் விழுந்ததில்லை.”

மாலதி, தினேஷ், அந்த வரி பொய் இல்லை. அதைப் பொய்யாக்காமல் காப்பாற்றியவர்களில் நானும் ஒருவன். அதற்காகச் சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம் பக்கத்து வீட்டுத் தரைகளை எல்லாம் நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மொசைக், டைல்ஸ், கிரானைட், சிவப்பு ஆக்சைடு. வெயில் காலத்தில் உட்காருவதற்குச் சிவப்பு ஆக்சைடு மாதிரி சுகம் எதுவும் இல்லை.

யாராவது கேட்டால் “அப்பா ஹாஸ்பிடல் லைன்ல இருந்தார்” என்று நீங்கள் சொல்வீர்கள். அது தப்பில்லை. நானும் வேலையைப் பற்றி உங்களிடம் பேசியதில்லை. பேசினால் சாப்பாடு இறங்காத வேலை. ஆனால் இப்போது நீங்கள் இரண்டு பேரும் போனில் கலந்து பேசி, அதே கம்பெனியில் எனக்கு ஆள் போடப் போகிறீர்கள் என்று உங்கள் அம்மா சொன்னாள். காசு கொடுத்து வாங்கப்போகும் சரக்கு என்ன என்று தெரிந்து வாங்குவது நல்லது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் பத்தாவது வரைதான் படித்தவன். பிழை இருந்தால் மாலதி திருத்திக்கொள்.

குரோம்பேட்டையில் நான் இருந்த உதிரிபாகக் கம்பெனியை மூடியபோது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. நாற்பது தாண்டியவனை எந்தக் கம்பெனியும் உள்ளே விடவில்லை. இந்தக் கம்பெனி மட்டும் என் தோளைத் தட்டிப் பார்த்து, “வெயிட் தூக்குவீங்களா?” என்று கேட்டது. தூக்குவேன் என்றேன். வேலை கிடைத்தது. கேம்ப் ரோட்டில் ஒரு ஸ்வீட் கடை மாடியில் பயிற்சி. படுக்கையில் கிடக்கும் ஆளைப் புரட்டுவது, துடைப்பது, ஊட்டுவது, குழாய் மாற்றுவது. பயிற்சிக்கு ஒரு பொம்மை இருந்தது, ஆனால் அதற்கு ஒரு கால் இல்லை. ஆகையால் எங்களில் யாராவது ஒருவர் நோயாளியாகப் படுப்போம். கீழேயிருந்து மைசூர்பாகு கிண்டும் வாசனை வரும். நோயாளியாகப் படுத்தவன் பாதியில் தூங்கிவிடுவான்.

முதலாளியை எம்.டி. சார் என்போம். அதற்கு முன்பு அவர் டிராவல்ஸ் நடத்தினவர். ஒரு வண்டியும் ஆக்சிடெண்ட் ஆகாமல் ஓட்டியவர் என்று அவருக்குப் பேர். அதே கொள்கையை இங்கேயும் கொண்டுவந்தார். வண்டியை ஷெட்டிலேயே நிறுத்திவிட்டால் ஆக்சிடெண்ட் ஆகாது அல்லவா, அது மாதிரி. ஒவ்வொரு நோயாளிக்கும் கட்டிலின் இரண்டு பக்கமும் கம்பித் தடுப்பு. தடுப்பைத் தூக்கிவிட்ட நிலையில், காலை, மதியம், சாயங்காலம் போட்டோ எடுத்து கம்பெனி ஆப்பில் ஏற்ற வேண்டும். “டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார் சார்” என்று யாராவது சொன்னால், “டாக்டர் சொல்வார். ஆள் விழுந்தா டாக்டரோட போர்டையா கழட்டுவாங்க? நம்ம போர்டைத்தான் கழட்டுவாங்க” என்பார். அந்தப் போர்டுதான் காகிதத்தில் இருக்கும் வரி. ஆபீஸ் வாசலில் வெளிச்சம் போட்டு மாட்டியிருந்தது.

எங்களுக்கு மேலதிகாரி ரூபி சிஸ்டர். ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வுபெற்றவர். அவரைப் பற்றி நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

ஸ்கூட்டியில் வருவார். முன்கூட்டிச் சொல்ல மாட்டார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்து, நோயாளிக்கு வணக்கம் சொல்லி, கையைக் கழுவுவார். அப்புறம் ஆள்காட்டி விரலை நோயாளியின் காதுக்குப் பின்னால் விட்டு ஒரு இழு இழுத்து, வெளிச்சத்தில் பார்ப்பார். “மூஞ்சிய போட்டோவுக்காகத் துடைப்பாங்க. காதுக்குப் பின்னால யாரு போட்டோ எடுக்கப் போறாங்க?” என்பார். அடுத்தது குதிகால். குதிகாலைக் கையில் ஏந்தி, சிவந்திருக்கிறதா என்று விரலால் அமுக்கிப் பார்ப்பார். ஒரே பக்கமாகப் படுக்கப் போட்டவன் யார் என்று குதிகால் காட்டிக்கொடுத்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால்தான் ஹெல்மெட்டைக் கழற்றி உட்கார்ந்து தண்ணீர் கேட்பார். சரியில்லை என்றால் திட்டமாட்டார். ஹெல்மெட்டோடு அவரே வெந்நீர் வைத்து, துணி நனைத்து, முழுதும் துடைத்து முடிப்பார். நாம் பக்கத்தில் துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நாலு வசவு வாங்கியிருக்கலாமே என்று இருக்கும்.

பயிற்சி முடியும் தறுவாயில் அவர் எங்களுக்கு ஒன்று சொல்லிக்கொடுத்தார். அன்று எம்.டி. சார் ஊரில் இல்லை.

“நடக்கிற ஆளு போகப் போறாருன்னா தூக்கி நிறுத்தப் பார்க்காதீங்க. அவர் தோளும் போகும், உங்க முதுகும் போகும். போறவரோட நீங்களும் போங்க.”

எங்கே போவது என்று நாங்கள் விழித்தோம். அவர் என்னைக் கூப்பிட்டு நோயாளியாக நிற்கவைத்தார். எனக்கு அரை அடி பின்னால், இடதுபக்கம் நின்றார். என் இடுப்பில் கட்டிய துண்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். காலை அகட்டி வைத்தார். “இப்போ விழுங்க” என்றார். அவர் என் மார்பு உயரம்தான் இருப்பார். தயங்கித் தயங்கி விழுந்தேன். துண்டைத் தன் பக்கம் இழுத்து, ஒரு காலை நீட்டி, முட்டியை மடக்கினார். அவர் தொடையே சறுக்குமரம் மாதிரி ஆகி, நான் அதன் மேல் வழிந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் அவரும் உட்கார்ந்திருந்தார். என் தலை அவர் தோளில் இருந்தது. புடவை கூடக் கலையவில்லை.

“இப்போ உடனே தூக்கக் கூடாது. உட்காரணும். முதல்ல பேரைக் கேட்கணும். உங்க பேர் என்ன?”

“ஏகாம்பரம், சிஸ்டர்.”

“பேர் சொல்றாருன்னா மண்டை சரியா இருக்கு. அப்புறம், எங்க வலிக்குது? இடுப்பு, மணிக்கட்டு, தலை. பார்த்துட்டு, மூச்சு சீரானதும் நாற்காலியைக் கொண்டுவந்து எழுப்பணும். அவசரம் இல்ல.”

ஒருவன் கேட்டான்: “சிஸ்டர், இது விழுந்த கணக்குல வருமா? போர்டு இருக்கே.”

சிஸ்டர் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். “தனியா போனா அது விழுறது. நீங்களும் கூடப் போனா அது உட்கார்றது.”

எம்.டி. சாருடைய போர்டுக்கு அர்த்தம் கட்டில் கம்பி. சிஸ்டருடைய அர்த்தம் இது. ஒரே கம்பெனியில் ஒரே போர்டுக்குக் கீழே இரண்டு மதம் நடந்துகொண்டிருந்தது. நாங்கள் அந்தந்த வீட்டுக்குத் தக்கபடி கும்பிட்டோம்.

அப்போதுதான் ஹனிபா பாய் கேஸ் எனக்கு வந்தது.

பாய்க்குத் தாம்பரம் மார்க்கெட்டில் ஹார்டுவேர் கடை. பூட்டு, தாழ்ப்பாள், கீல், ஆணி. வீடு சேலையூரில், தரைத்தளம். பக்கவாதம் வந்து பாத்ரூமில் விழுந்து, ஆஸ்பத்திரியில் இருந்து வந்திருந்தார். இடது காலும் கையும் பலவீனம். பேச்சு மட்டும் ஒரு எழுத்து குறையாமல் திரும்பிவிட்டது. குறைந்திருந்தால் கூட வீட்டுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். முதல் நாள் நான் தடுப்புக் கம்பியை ஏற்றினேன். பாய் அதைத் தட்டிப் பார்த்தார்.

“இன்னாபா இது, தகரமா? கேஜ் ரொம்ப கம்மி, மெல்லிசா கீது. எவன்கிட்ட வாங்கினீங்க?”

“கம்பெனி குடுத்தது பாய்.”

“என் கடையில கேட்டிருந்தா நல்லதா குடுத்திருப்பேன். ஜெயிலுல போடுறதுன்னாலும் ஒழுங்கான கம்பியா போடணும்ல.”

அவருடைய பிள்ளை ஜமால் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரியாதையான ஆள். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். கடையைப் புதுப்பிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. கண்ணாடிக் கதவு, கம்ப்யூட்டர் பில். அதற்கு அப்பாவின் பழைய தேக்குக் கல்லா இடைஞ்சல். அந்தக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் பாய் வாழ்நாள் முழுதும் வியாபாரம் செய்தவர். கல்லாவை எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அவர் சாப்பிடாமல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கடைசியில் ஜமால் கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அத்தா, ஒண்ணு சொல்றேன். நீங்களா கடைக்கு வந்து, அந்த மூணு படி ஏறி உள்ள வந்துட்டீங்கன்னா கல்லா உங்களுது. நான் கை வைக்க மாட்டேன். ரம்ஜான் சீசனுக்கு முன்னாடி கார்பென்டர் வர்றான். அதுவரைக்கும் டைம்.”

பாய் சுவரிலிருந்து திரும்பினார். “வார்த்தை மாறக் கூடாது.”

“மாற மாட்டேன் அத்தா.”

மார்க்கெட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும். மழைநீர் கால்வாயை உயரமாகக் கட்டியதும், கடைக்காரர்கள் ஆளுக்கொரு விதமாகப் படி போட்டுக்கொண்டார்கள். பாய் கடைப் படி செங்குத்தானது. கைப்பிடி கிடையாது. ஆணி வாங்க வந்த வாலிபப் பிள்ளைகளே தடுமாறுவார்கள். ஜமாலுக்கு அது தெரியும். இருந்தும் அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். வாசல் வரைக்கும் என்னோடு வந்தார்.

“அண்ணே, அவர் நடக்கணும்னு எனக்கும் ஆசைதான். ஆனா அன்னிக்கு பாத்ரூம்ல கேட்ட சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. இன்னொரு தடவை அந்தச் சத்தம் கேட்டேன்னா, நான் அவரைக் கட்டில்லயிருந்து இறங்கவே விடமாட்டேன். உங்க கம்பெனியில யாரும் விழுந்ததில்லன்னு போட்டிருந்தீங்க. அதைப் பார்த்துத்தான் போன் பண்ணேன்.”

ஆக, நடந்தால்தான் கல்லா. நடந்தால் விழலாம். விழுந்தால் ஆயுசுக்கும் கட்டில். பாய் நிலைமை அதுதான். டாக்டர், பிடித்து நடக்க வைக்கலாம் என்று சொல்லியிருந்தார். வாரம் இரண்டு தடவை பிசியோ அம்மா வந்து காலுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு, “நடங்க, நடங்க” என்று சொல்லிப் போவார். எம்.டி. சார் போனில் “கம்பி, கம்பி” என்பார்.

நான் சிஸ்டர் மதத்துக்கு மாறினேன்.

பிடிப்பதற்கு இடுப்பில் ஏதாவது வேண்டுமே என்று துண்டைத் தேடினேன். பாய் சிரித்தார். “பீரோவைத் தொற.” உள்ளே அவருடைய பச்சை பெல்ட். கைலிக்கு மேல் கட்டுகிற அகலமான பெல்ட், பணம் வைக்கப் பையோடு. வியாபாரிகள் கட்டுவது. அதைக் கட்டிவிட்டதும் ஆளே நிமிர்ந்துவிட்டார். பின்னாலிருந்து பிடித்துப் பார்த்தேன். யானையைக் கூட நிறுத்தலாம் போல இருந்தது.

காலைப் போட்டோவை ஏற்றியதும் கம்பியை இறக்குவோம். கட்டிலிலிருந்து ஜன்னல் வரை. பிறகு ஜன்னலிலிருந்து சமையலறை வாசல் வரை. பிறகு வாசல் கேட் வரை. சில நாள் கால் வரும். சில நாள் வராது. வராத நாளில் இரண்டு பேரும் உட்காருவோம். அவர் வீட்டில் மொசைக். உட்கார்ந்ததும் நான் பேரைக் கேட்பேன்.

“பேர் என்ன பாய்?”

“ஏன், ரேஷன் கார்டு குடுக்கப் போறியா?”

“கேட்கணும் பாய். ரூல்.”

“ஹனிபா. அத்தா பேர் காதர். கடை தாம்பரம். போதுமா? இன்னும் இன்னா வோணும் சொல்லு.”

மதியப் போட்டோ நேரம் வந்தால் போன் மணியடிக்கும். பாய் பெருமூச்சு விடுவார். “இரு, நோயாளியா மாறிக்கிறேன்.” மெதுவாக நடந்துபோய்க் கட்டிலில் படுத்து, போர்வையை இழுத்து, வாயைக் கொஞ்சம் கோணலாக வைத்துக்கொள்வார். அந்த அளவுக்கு வேண்டாம் பாய் என்பேன். “காசு குடுக்கிறவன் பார்க்கட்டும்பா” என்பார். எம்.டி. சாருக்கு அந்தப் போட்டோக்கள் ரொம்பப் பிடிக்கும். கம்பி தெளிவாக விழுகிறதாம். மாதக் கூட்டத்தில் சுவரில் படம் காட்டி, “பேஷன்ட் எப்படி இருக்கணும்னா இப்படி இருக்கணும்” என்று எல்லோருக்கும் எடுத்துச் சொன்னார். நான் பணிவாகத் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது.

ஒருநாள் ரூபி சிஸ்டர் வந்துவிட்டார். பாய் கட்டிலில்தான் இருந்தார். காதுக்குப் பின்னால் பார்த்தார். குதிகாலை அமுக்கினார். அப்புறம் குனிந்து, கட்டிலுக்குக் கீழே கிடந்த பாயின் ரப்பர் செருப்பை எடுத்தார். அடியைத் திருப்பிப் பார்த்தார். இடது செருப்பு ஒருபக்கமாகத் தேய்ந்து, வாசல் மண் ஒட்டியிருந்தது. படுக்கையில் கிடப்பவர் செருப்பு தேய நியாயமில்லை. பாய் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிஸ்டர் செருப்பைக் கீழே வைத்தார். “ஏகாம்பரம், இது வழுக்கும். பின்னால பட்டை வச்சது வாங்கச் சொல்லுங்க” என்றார். ஹெல்மெட்டைக் கழற்றி உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

தண்ணீர் குடித்துவிட்டு பாயின் பச்சை பெல்ட்டைக் கையில் வாங்கி இழுத்துப் பார்த்தார். “கம்பெனியில இதைவிட நல்ல பெல்ட் இல்ல” என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

“டேஞ்சரான பொம்பளபா” என்றார் பாய், மரியாதையாக.

கார்பென்டர் எதிர்பார்த்ததற்கு முன்னாலேயே வந்துவிட்டான். அன்று காலை ஜமால் போனில் யாரிடமோ, “இன்னிக்கே கல்லாவை எடுத்துடலாம்பா” என்று சொல்லிக்கொண்டே கிளம்பிப் போனார். பாய் காதில் அது விழுந்தது. என்னைப் பார்த்தார்.

“ஏகா, ஆட்டோ புடி.”

“பாய், வாசல் கேட் வரைக்கும்தான் நடந்திருக்கோம். படி ஒண்ணு கூட ஏறிப் பார்க்கல.”

“படி இன்னாடா படி. என் காசுல நான் போட்ட படி. என்னைத் தள்ளிவிட்ருமா?”

அவருடைய மனைவி சமையலறையிலிருந்து வந்து நின்றார். அதிகம் பேசாத அம்மா. பீரோவைத் திறந்து, சலவை செய்த வெள்ளைச் சட்டையை எடுத்துக் கொடுத்தார். “பேஜார் பண்ணாம கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க தம்பி. இங்க படுத்துக்கிட்டு என் உயிரை எடுக்கறதுக்கு, அங்க போய்ப் பிள்ளை உயிரை எடுக்கட்டும்” என்றார். சட்டைப் பொத்தானை அவரே போட்டுவிட்டார்.

மார்க்கெட்டில் ஆட்டோ நின்றதும் கூட்டம் திரும்பிப் பார்த்தது. பூக்கடை, தேங்காய்க் கடை எல்லோருக்கும் அவரைத் தெரியும். “பாய் வந்துட்டார்” என்று யாரோ சொன்னார்கள். கடைக்குள் ஜமாலும் கார்பென்டரும் கல்லாவின் பின்பக்கம் குனிந்து ஆணி கழற்றிக்கொண்டிருந்தார்கள். சுத்தியல் சத்தத்தில் அவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை.

நான் இடதுபக்கம், அரை அடி பின்னால், பெல்ட்டைப் பிடித்து நின்றேன். முதல் படியில் நல்ல காலை வைத்து, மற்றதை இழுத்துக்கொண்டார். நின்றார். மூச்சு வாங்கினார். இரண்டாவது படி. அதுவும் வந்துவிட்டது. மூன்றாவது படிக்கு நல்ல காலைத் தூக்கினார். உடம்பின் பாரம் முழுவதும் இடது காலுக்கு வந்தது. அந்தக் கால் மெதுவாக மடங்கத் தொடங்கியது. பெல்ட் வழியாகவே எனக்குத் தெரிந்துவிட்டது. படியில் காலை எங்கே நீட்டுவது? சிஸ்டர் அதைச் சொல்லித்தரவில்லை. பக்கத்துக் கடைச் சுவரோடு முதுகைச் சாய்த்து, அவரை என் பக்கம் இழுத்து, முட்டியை மடக்கினேன். என் முட்டியில் ஏதோ ஒன்று சத்தம் போட்டது. அந்தச் சத்தம் இன்றைக்கும் மாடி ஏறும்போது உங்களுக்குக் கேட்கிறதே, அதுதான். இரண்டு பேரும் இரண்டாவது படியில் உட்கார்ந்திருந்தோம்.

“ஐயோ, பாய் வுழுந்துட்டாரு” என்று தேங்காய்க் கடைப் பக்கமிருந்து ஒரு குரல்.

“எவன்டா அது வுழுந்தேன்னது?” பாய் குரல் மார்க்கெட் முழுக்கக் கேட்டது. “என் கடை, என் படி. குந்திகினு கீறேன். உனக்கு இன்னா?”

“பேர் என்ன பாய்?” என்றேன் நான்.

“நீ வேற. கம்முனு இருப்பா.”

மண்டை சரியாக இருந்தது. இடுப்பு, மணிக்கட்டு எல்லாம் தொட்டுப் பார்த்தேன். வலி இல்லை என்றார். அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து, படியில் நாங்கள் இருப்பதைப் பார்த்துத் தயங்கி நின்றார். கையில் உடைந்த தாழ்ப்பாள். பாய் கையை நீட்டி வாங்கினார். விரலில் வைத்து எடை பார்த்தார்.

“பாத்ரூம் கதவா? இதைப் போடாத. துருப்பிடிக்கும். உள்ள போய் பித்தளையில எட்டு இஞ்ச் கேளு. நான் சொன்னேன்னு சொல்லு, விலையில கொறச்சுக் குடுப்பான்.”

வந்தவர் எங்களைத் தாண்டி உள்ளே போய் அப்படியே கேட்டிருக்கிறார். சுத்தியல் நின்றது. ஜமால் ஓடிவந்தார். படியில் அப்பாவைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

“அத்தா. விழுந்துட்டீங்களா? அடிபட்டுச்சா? அண்ணே, என்னண்ணே இது?”

“வுழுற சத்தம் ஏதாவது கேட்டுச்சா உனக்கு?” என்றார் பாய்.

ஜமால் யோசித்தார். “இல்ல.”

“அப்புறம் இன்னா? தள்ளு.”

பாய் முதுகைக் கடைப்பக்கம் திருப்பினார். நல்ல கையைப் பின்னால் மேல்படியில் ஊன்றினார். நல்ல காலால் உந்தினார். நான் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டேனே தவிர, தூக்கவில்லை. உட்கார்ந்த வாக்கிலேயே ஒரு எம்பு எம்பி மூன்றாவது படியில் ஏறிவிட்டார். இன்னொரு எம்பு. கடைக்குள் வந்துவிட்டார். சட்டையின் பின்பக்கம் முழுக்கப் படியின் புழுதி.

“மூணு படி. ஏறி வந்துட்டேன்.”

ஜமால் வாயைத் திறந்தார். பாய் விடவில்லை.

“ஏறி வரச் சொன்ன. நின்னுகினு ஏறச் சொன்னியா?”

கார்பென்டர் சுத்தியலைப் பிடித்தபடி யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றான். ஜமால் அப்பாவுக்குப் பக்கத்தில், தரையில், ஆணிப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தார். சட்டையில் ஒட்டியிருந்த புழுதியைத் தட்டிவிட்டார். தட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் கார்பென்டரிடம், “கல்லா இருக்கட்டும்பா. வெளியில படிக்கு ஒரு கைப்பிடி போடணும். பைப் நம்மகிட்டயே இருக்கு” என்றார்.

“கேஜ் கம்மியானதைப் போடாத” என்றார் பாய்.

என் போன் அடித்தது. ரூபி சிஸ்டர். எந்தத் தேங்காய்க் கடைக்காரன் அவருக்குச் சொன்னான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

“ஏகாம்பரம். பேஷன்ட் விழுந்தாரா?”

“இல்ல சிஸ்டர். உட்கார்ந்தார்.”

“நீங்க?”

“நானும்தான் சிஸ்டர்.”

“சரி” என்று வைத்துவிட்டார்.

எம்.டி. சார் அவ்வளவு சுருக்கமாக முடிக்கவில்லை. ஜமால் அடுத்த வாரம் போன் செய்து, அத்தா தினமும் கடைக்குப் போகிறார், காலையில் ஏற்றிவிட மட்டும் வீட்டு ஆளே போதும், ஆள் தேவையில்லை, ரொம்ப நன்றி என்று சொல்லிவிட்டார். எம்.டி. சார் என்னைக் கூப்பிட்டார். அவருக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

“ஏகாம்பரம், நல்ல சர்வீஸ் குடுத்தா கேஸ் நிக்கணும். நீங்க குடுத்த சர்வீஸ்ல கேஸ் நடந்து போயிடுச்சே.”

கேஸை ஆப்பில் மூட வேண்டும். அங்கேதான் சிக்கல். மூடுவதற்குக் காரணம் கேட்கும். இரண்டே காரணங்கள்தான் அதில் இருந்தன: “பணம் கட்டவில்லை”, “காலமானார்.” நோயாளி குணமாகிப் போவார் என்று அதைச் செய்தவர்களுக்குத் தோன்றியிருக்கவில்லை. ஆபீஸ் பெண் நல்ல மனசுக்காரி. கடைசி நாள்வரை ஒழுங்காகப் பணம் கட்டிய பெரிய மனிதரைப் பணம் கட்டவில்லை என்று போட அவளுக்கு மனம் வரவில்லை. மரியாதையாக மற்றதை அழுத்திவிட்டாள்.

சாயங்காலம் பாய் எனக்குப் போன் செய்தார். பின்னால் மார்க்கெட் சத்தம்.

“ஏகா, நான் மௌத்தாயிட்டேனாம்பா. உங்க கம்பெனிக்காரன் மெசேஜ் அனுப்பிக்கிறான். விளக்கு எரியுற படம், வெள்ளைப் பூவு. ‘தங்கள் துயரத்தில் பங்கு கொள்கிறோம்’னு போட்டுக்கீது.”

“மன்னிச்சுக்குங்க பாய், அது வந்து…”

“இன்னாத்துக்கு மன்னிப்பு? கல்லாவுல ஒட்டி வச்சிருக்கேன். கடன் கேட்டு வர்றவனுக்கெல்லாம் அதைத்தான் காட்டுறேன்.”

அந்தச் செய்தி உண்மையாகும் வரை பாய் கல்லாவில்தான் இருந்தார். கடைக்கு நான் போகும்போதெல்லாம் பேரைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவார். கேஸ் மூடிய அன்று ஜமால் எனக்கு ஒரு புது பச்சை பெல்ட் வாங்கிக் கொடுத்தார். அதுதான் பீரோவில் கீழ்த்தட்டில் இருப்பது. “நம்ம வூட்ல யாருக்கு இது?” என்று உங்கள் அம்மா பலமுறை கேட்டிருக்கிறாள். ஊர்க்காரர்களோடெல்லாம் கீழே உட்கார்ந்து உட்கார்ந்து முட்டியை விற்றுவிட்டு வந்தவன் என்றும் சொல்வாள்.

இனி உங்கள் விஷயம். நான் வழுக்கிய அன்று சத்தம் கேட்டு தினேஷ் ஓடிவந்தான். என் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து ஒரே தூக்காகத் தூக்கிவிட்டான். என் தோள் இன்னும் வலிக்கிறது. அவனைக் குறை சொல்லவில்லை. அவன் முகம் அப்போது ஜமால் முகம் மாதிரியே இருந்தது. அன்று முதல் நான் எழுந்தால் போதும், “அப்பா, உட்காருங்க” என்கிறான். கட்டிலுக்குக் கம்பி என்ன விலை என்று கேட்டிருக்கிறான். தெருமுனை டீக்கடைக்குப் போய்ப் பேப்பர் பார்ப்பது தவிர எனக்கு வேறு கல்லா இல்லை. வாசலில் ஒரு படிதான்.

ஆள் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்தக் காகிதத்தில் உள்ள நம்பருக்குப் போன் செய்து, “அப்பா விழப் போனால் உங்க ஆள் என்ன செய்வார்?” என்று கேட்டுப் பாருங்கள். “எங்ககிட்ட யாரும் விழ மாட்டாங்க சார்” என்று சொன்னால் போனை வைத்துவிடுங்கள். ரூபி சிஸ்டர் ஓய்வுபெற்றுவிட்டார். வேறு பதில் சொல்ல அங்கே ஆள் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

அதுவரைக்கும் தினேஷ், நாளைக் காலை நான் டீக்கடைக்குப் போகிறேன். பெல்ட்டை நானே கட்டிக்கொள்கிறேன். நீ என் இடதுபக்கம், அரை அடி பின்னால் நில். பிடித்துக்கொள், தூக்காதே. நான் போனால் நீயும் கூட வா. இரண்டு பேரும் உட்காருவோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். முதலில் என் பேரைக் கேள். சொல்கிறேன். அப்புறம் எழுந்திருக்கலாம், அவசரம் இல்லை.